சமையலறைக்கு வெளியே வைத்த பிளக்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்த வீட்டில் புகை போக சரியான வழி இல்லை. விறகடுப்பு மூட்டினால் கூடம் முழுவதும் மூடிக்கொள்ளும். என் மகளுக்கு அப்போது தவழும் வயது. அவளுக்கு மூச்சு இழுப்பு. புகை பட்டால் விலா குழிந்து, தொண்டையிலிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வரும். திருச்சி டாக்டர், "மருந்து நான் தரேம்மா. புகையை நீங்கதான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டார்.

பொன்மலை ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த என் கணவர் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தார். பீங்கான் தட்டில் சுருள் கம்பி, அடியில் இரும்புக் கூடு. அதன் பிளக்குக்கு மூன்று கால்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பாயின்ட் கூடத்துச் சுவரில் இருந்தது. அதில் இரண்டே ஓட்டைகள்.

திருவானைக்காவலிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். "சமையல்கட்டுக்குள்ளயே மூணு ஓட்டை பாயின்ட் வச்சுத் தரேங்க. தனி லைன் இழுத்து, கொல்லையில குழி வெட்டி எர்த் போடணும். வேணாம்னா மூணாவது காலை விட்டுட்டு, நீளமா ஒயர் போட்டு இங்கேருந்தே எடுத்துக்கலாம். எதுன்னு சொல்லுங்க."

சமையலறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வேத்து மனுஷா உள்ள கால் வச்சா மடி போயிடும்டா. அப்புறம் பெருமாளுக்குத் தளிகை எங்கே பண்றது, ரேழியிலயா?"

குளித்து, யார் மேலும் படாமல் காக்கிற சுத்தம்தான் மடி. அவர் மடியாகச் சமைக்கும்போது நானே அந்த வாசற்படியைத் தாண்ட முடியாது. எப்போதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கிறவளுக்கு மடி ஏது? அதனால்தான் வீட்டுச் சமையல் முழுவதும் அவர் கையில் இருந்தது.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நான் படித்திருந்தேன். அந்த மூன்றாவது கால் எதற்கு என்று பாடத்தில் இருந்தது. "ஏன்னா, அது சும்மா இல்லை. கரண்ட் ஒழுகினா பூமிக்குப் போறதுக்காக்கும்" என்றேன்.

"இப்போதைக்கு ரெண்டு கால் போறும். நீயும் நானும் ரெண்டு கால்லதானே நிக்கறோம்?" என்றார் கணவர். எலக்ட்ரீஷியன் சிரித்தார்.

"இவ பொறந்தாத்துல கரண்ட்லதான் சாதம் வடிச்சா போலிருக்கு" என்றார் மாமியார்.

ஒயர் கூடத்திலிருந்து வாசற்படியைத் தாண்டி உள்ளே போயிற்று. அடுப்பைப் போட்டால் கூடத்து விளக்கு மஞ்சளாக மங்கும். மகள் அந்த ஒயரை நோக்கியே தவழ்வாள். சமையல் முடிகிறவரை அவளை மடியில் இருத்திக்கொண்டு பிளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் சீழ்க்கைச் சத்தம் குறைந்தது. மகள் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அதைப் பார்த்தபின் மூன்றாவது காலைப் பற்றி மறுபடி பேச எனக்கு மனம் வரவில்லை. பேசினால் அடுப்பையே திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. யாரும் தொடாமல் உயரக் கொடியில் கோலால் உலர்த்திய மாமியாரின் மடிப்புடவை காயவே இல்லை. ஈரத்தோடு அதைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, சொட்டச் சொட்ட அடுப்பண்டை போகாதேங்கோ. கரண்ட்."

"பின்னே நீ தொட்ட புடவையைக் கட்டிக்கட்டுமா?"

அலறல் எதுவும் கேட்கவில்லை. வெண்கலப் பானை உருண்ட சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற மாமியாரின் வலது கை அடுப்பின் இரும்புக் கூட்டைப் பற்றியிருந்தது. உடம்பு உதறியது. அவரைப் பிடித்து இழுக்கத்தான் கால் முதலில் எழுந்தது. கையில் குழந்தை இருந்தது. திரும்பிப் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் சரிந்து விழுந்தார்.

உயிர் பிழைத்தார். உள்ளங்கை வெந்து, ஆறியபின் விரல்கள் மடங்கவில்லை.

பிளக் உள்ளே இருந்திருந்தால் அன்று எனக்கு அது எட்டியிருக்காது என்று ஒரு சமயம் தோன்றும். உள்ளே வைத்திருந்தால் எர்த்தும் இருந்திருக்கும், பிடுங்க வேண்டிய தேவையே வந்திருக்காது என்று மறு சமயம் தோன்றும். கணவரிடம் கேட்டேன். "அதை விடு" என்றார்.

மறுபடி விறகு, மாமியாரே இடக்கையால் மூட்டினார். மறுபடி அந்தச் சீழ்க்கை. ஒரு காலையில் மகளின் உதடு நீலம் பாரித்தது. கூடத்து மூலையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கரண்ட்காரனை வரச் சொல்லு. உள்ள வந்தே வைக்கட்டும்."

"அம்மா, உன் மடி?"

"நான் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போயிக்கறேன். குழந்தை மூச்சு விடட்டும்."

எலக்ட்ரீஷியன் சுவரை உடைத்துப் புது லைன் இழுத்தார். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டார். அன்றிலிருந்து அந்தச் சமையலறை என்னுடையதாயிற்று. மகளின் மூச்சு சீரானது. ஆனால் மாமியார் அங்கே சமைத்த எதையும் சாப்பிடவில்லை. தாழ்வாரத்தில் கரி அடுப்பு வைத்துப் பெருமாளுக்கும் தனக்குமாக ஒரு பிடி அரிசி வைப்பார். மடங்காத விரல்களால் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க முடியாது. பானையை இடக்கையால் தள்ளி, முழங்கையால் முட்டுக் கொடுப்பார். கஞ்சி காலில் தெறிக்கும். நான் தொட்டால் அந்தச் சோறும் அவருக்கு ஆகாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் நிற்பேன். "உள்ள போ, கரி புகையறது" என்பார், திரும்பாமலே.