கார் கடிகாரத்துக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று பயம். மீனாட்சி மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தப்பா ரிப்பேர் வேலை பார்த்தார். கப்பலூர் கம்பெனியை விட்டு நின்று மூன்று மாதம். சொல்லிக்கொள்ளும்படி வேலை வரவில்லை. அந்த நேரத்தில் கல்யாணத்துக்குப் பழைய கார்கள் விடும் ஒருவர், ஒரு காரின் கரண்ட் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். இது ஓடினால் மற்ற நாலு கார்களின் வேலையும் உனக்குத்தான் என்று சொல்லிப் போனார்.

அதற்குச் சாவி கிடையாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இரண்டு சின்ன முனைகள் தொட்டுக்கொள்ளும். கரண்ட் பாய்ந்து, ‘டக்’கென்று ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிக்கொள்ளும். கருகியிருந்த முனைகளைச் சித்தப்பா தேய்த்துப் பளபளப்பாக்கி ஓட வைத்தார். மறுநாள் ஆயுத பூஜை. அன்று கருவிகளுக்கு ஓய்வு. பேட்டரி ஒயரைக் கழற்றி, மூடி போடாமலே கடிகாரத்தையும் சாமி முன் வைத்தார்.

சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. திருப்புளி, குறடு, பேட்டரி என்று வைத்துக்கொண்டே வந்தேன். கடிகாரத்துக்கு, உள்ளே நன்றாக மின்னிய இடமாகப் பார்த்து அழுத்தி வைத்தேன்.

விஜயதசமி காலையில் கார்க்காரர் வந்தார். சித்தப்பா ஒயரை மாட்டினார். சத்தமே இல்லை.

“என்ன தம்பி, இதுக்கும் பூஜை லீவா?” என்றார் அவர்.

சித்தப்பா ஒயரைக் கழற்றினார். கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிளேடு நுனியால் எதையோ சுரண்டினார். விரலில் ஒட்டிய சிவப்பைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். மறுபடி ஒயரை மாட்டியதும் ‘டக்’.

என்ன கோளாறு என்று கேட்டார் கார்க்காரர்.

“ஒண்ணுமில்லண்ணே. பாப்பா பொட்டு வச்சிருக்கா, அதத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பிச்சேன்.”

“அப்ப மத்ததுக்கும் இந்தப் பிள்ளையே வைக்கட்டும்ப்பா.”

அன்றிலிருந்து சொந்தத்தில் நான் கைராசிக்காரி. என் பொட்டால் நின்ற கடிகாரம் ஓடியது என்று இன்னமும் பேச்சு. சித்தப்பா பிரசாதம்தான் எடுத்தார் என்று நானும் நம்பினேன். மற்ற நாலு கடிகாரங்களும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மூடியைப் போட்டு இறுக்கித் திருகிவிட்டுத்தான், “பாப்பா, வந்து பொட்டு வையி” என்று கூப்பிடுவார். ஏன் மூடிவிட்டுக் கூப்பிடுகிறார் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

யாரிடமாவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவர் சுரண்டியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.