மூன்று முறை துண்டித்த அழைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு மூன்று அழைப்புகள் வந்தன. ஆண் குரல், இந்தி. மூன்றையும் துண்டித்தேன். மூன்றாவதற்குப் பிறகு அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் இப்படித்தான். இந்தியில் ஒருவன் பேசினால் அவன் ஏடிஎம் அட்டையின் எண்ணைக் கேட்கப் போகிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எச்சரிக்கை போட்டவனே நான்தான். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன், சுருக்கமாக எழுத வரும். "இந்தியில் பேசினால் உடனே கட் செய்யவும். திரும்ப அழைக்க வேண்டாம்." எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

அண்ணன் அப்போது காசிக்குப் போகும் ரயிலில் இருந்தார். திருநெல்வேலி டவுணில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், வயது அறுபத்தெட்டு, சர்க்கரை உண்டு. தமிழைத் தவிர வேறு பேச்சு இல்லை. பதினாலு பேர் சேர்ந்த குழு, இரண்டு பெட்டிகளில். பதினொரு மணிக்கு அந்தக் குழுவைக் கூட்டிப்போனவர் என்னை அழைத்தார்.

"அண்ணாச்சி உங்கள்ட்ட எதுவும் பேசுனாவளா? நாங்க அவுக அந்தப் பெட்டியில இருக்காகன்னு நெனச்சோம். அந்தப் பெட்டிக்காரங்க எங்ககூட இருக்காகன்னு நெனச்சிருக்காங்க. பை இருக்கு, போன் இருக்கு, ஆளக் காணல வே."

விடியற்காலையில் ஏதோ ஸ்டேஷனில் வெந்நீர் பிடிக்க இறங்கியதை ஒருவர் பார்த்திருக்கிறார். ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மதினி தன் போனைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "காலையில ஒரு இந்திக்காரன் ரெண்டு வாட்டி கூப்பிட்டான் தம்பி. நீங்க சொன்னாப்புல கட் பண்ணிட்டேன்."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அதே எண். அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய டைரி இருக்கும். பெயர்களைத் தமிழில் எழுதியிருப்பார். யாரோ அந்தப் பெயர்களைப் படிக்க முடியாமல், பக்கத்திலிருந்த எண்களை மட்டும் வரிசையாக அழுத்தியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

என் போனில் தடையை நீக்கித் திரும்ப அழைத்தேன். அந்த ஆள் உடனே எடுத்து வேகமாகப் பேசினான். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் இன்னும் வேகமாக, இன்னும் உரக்கப் பேசினான். 'ஆஸ்பத்திரி' என்பது போல ஒன்று மட்டும் பிடிபட்டது. அவன் மூச்சுவிட நிறுத்திய இடைவெளியில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எய்யா, கைய அவுத்து விடுங்கய்யா. நான் திர்நேலி போணும்." அண்ணன் குரல். நான் கத்தினேன். இணைப்பு போய்விட்டது.

அறுபது வருடமாகக் கேட்ட குரல். அது கெஞ்சி நான் கேட்டதில்லை.

பெங்களூரிலிருக்கும் அண்ணன் மகன் போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இந்தி டியூஷன் எடுக்கும் அம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. அங்கிருந்து நாலாவது மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் அதிகம் என்று நான் இரண்டு முறை சண்டை போட்ட இடம். கொத்தனார் சாரத்தின் மேலிருந்து பார்த்தார்.

"என்ன சார், ஞாயித்துக்கெழமையும் சத்தமா இருக்கோ?"

"இந்தி பேசுற ஆள் வேணும்."

"அதுக்கு நீங்க டெல்லிக்கில்லா போணும்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஏலே, பாய்! இங்கன வா."

கலவை போட்டுக்கொண்டிருந்த வடநாட்டுக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். நாற்பது வயதிருக்கும், காதோரம் நரை. என் கண்ணாடியையும் கையிலிருந்த போனையும் பார்த்ததும் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். நான் போலீஸ் இல்லை என்று புரியவைக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று.

"இந்தி பேசுது சார். ஆனா என் பாஷை இந்தி இல்ல. ஜார்க்கண்ட். வீட்ல சந்தாலி, ஆதிவாசி பாஷை." செங்கல் சூளையில் வேலை பார்த்தபோது இந்தி கற்றுக்கொண்டாராம். தமிழ் இங்கே வந்த பிறகு.

அழைத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே பேசினார். அடுத்து நடந்தது எனக்கு வெறும் முகம்தான். புருவம் சேர்ந்தது, பிரிந்தது. "ஜி, ஜி" என்றார். குரல் சிறுத்துக்கொண்டே போனது. ஒரு சொல்லும் புரியாமல், அண்ணன் உயிரோடு இருப்பதை இன்னொருவர் கண்களில் தேடிக்கொண்டிருந்தேன். மொழிப் பிரச்சினை பற்றி எத்தனையோ செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். ஓர் அமைச்சர் நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பார், மறுநாள் இங்கிருந்து கண்டனம் வரும். தலைப்பு போட்டு அளவுக்கு வெட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவேன். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான்: அது ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் சிறிய ஆஸ்பத்திரி. அண்ணன் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்துவிட்டார். எழுந்ததிலிருந்து ஏதேதோ பேசுகிறார், ஓடப் பார்க்கிறார். ஞாயிறு என்பதால் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் கையைக் கட்டி இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறார். மூன்று மணிக்கு வண்டி வரும்.

"எங்க கொண்டு போக?"

அவர் சொல்லத் தயங்கினார். விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

மணி ஒன்றரை.

"பைத்தியம் இல்லன்னு சொல்லுங்க. அவர் பேசுறது தமிழ். சர்க்கரை நோய். நான் தம்பி. மகன் வாரான்." ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக மாற்றினார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார், கம்பவுண்டர் எதிரில் நிற்பது போல.

"திட்டுது சார். நீ யாருன்னு கேக்குது. கூலியான்னு கேக்குது."

கொத்தனார் கீழே இறங்கி வந்திருந்தார். "இதுக்குத்தான் நாமளும் நாலு வார்த்தை இந்தி படிச்சிருக்கணும் சார்" என்றார்.

செங்கல் சுமந்த பெண் ஒருத்தி நின்று சொன்னாள்: "அப்ப ஆஸ்பத்திரி வச்சிருக்கவன் நாலு வார்த்தை தமிழ் படிச்சிருக்கணும்லா. மெட்ராஸ் ரயிலுதான் அந்த வழியா போவுது."

அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். சந்தாலிக்காரர் மன்றாடினார், அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கடைசியில் கொடுத்தார்கள்.

"அண்ணே, நான்தான்."

மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே, பேசு."

"பைய பேசு" என்றார் அண்ணன். கிசுகிசுப்பு. டவுணில் தேர் போகும்போது கடையிலிருந்து எதிர்க்கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர். "பேசினா ஊசி போடுதான்."

அந்தப் பக்கமும் ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். நான் தமிழில் ஒன்று கேட்க, அண்ணன் பதில் சொல்ல, சந்தாலிக்காரர் அதை இந்தியில் கம்பவுண்டருக்குச் சொன்னார். பெயர் என்ன. ஊர் எது. என்ன கிழமை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அண்ணன் ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் தயங்கினார். ஒவ்வொரு தயக்கமும் அங்கே எப்படித் தெரியுமோ என்று அடுத்த கேள்வியை அவசரமாகப் போட்டேன். ஏழெட்டுக் கேள்விக்குப் பிறகு கம்பவுண்டர் ஏதோ சொன்னார்.

"வண்டி வேணாம் சொல்லுது சார். கட்டு அவுக்குது. ஆனா சத்தம் போடக் கூடாது. ஆள் வரணும்."

அவர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்று மணிக்கு மகன் போனில் கிடைத்தான். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தான். அதுவரை நாங்கள் ஆறு முறை அழைத்தோம். அண்ணன் ஒவ்வொரு முறையும் "ம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வார்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார் என்றும், கட்டு இல்லை என்றும், ஆனால் "அப்பா" என்று கூப்பிட்டதும் உதட்டின் மேல் விரலை வைத்துவிட்டார் என்றும் மகன் எனக்குச் சொன்னான். நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போகும்வரை அவன் காத்திருந்தானாம். அதற்குப் பிறகுதான் அண்ணன் அவனை அருகே இழுத்து, காதுக்குள், சாப்பிட்டாயா என்று கேட்டார்.