அருளின் அப்பாவுக்காக ஒரு வேண்டுதல்

பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, உடையார்பாளையம் தாண்டி ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன். சுற்றிலும் முந்திரிக்காடு. நண்பன் அருளின் அப்பாவைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். சர்ச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். இவர் பாவங்களை மன்னியும் என்று எல்லோரும் வேண்டுகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"அப்பா நல்லவருன்னு ஒருத்தரும் சொல்லலையேடா?" என்று அருளிடம் மெதுவாகக் கேட்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் அவன் அம்மாவின் காதில் அது விழுந்துவிடுகிறது.

"நல்லவருதான் தம்பி. ஆனா கோவம் வந்தா சோத்துத் தட்டு வாசலுக்குப் பறக்கும். நல்லவருன்னு சொல்லிட்டு எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டா, அவருக்காக யாரு வேண்டுறது? தனியாப் போறாரு, பாவம். நீயும் ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு ஜெபமெல்லாம் தெரியாதுங்கம்மா."

"உனக்குத் தெரிஞ்ச தமிழ்ல கேட்டாப் போதும், கேளு."

கை கூப்புகிறேன். "அவரு கோவத்த மன்னிச்சிடுங்க சாமி."

என் கையைப் பற்றிக்கொண்டு, "ஆமென்" என்கிறார் அம்மா.