கரையைக் குத்திப் பார்த்தவள்

கால்வாய்க் கரைக்குக் காவலாக இருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. ஊருக்கு அவள் குத்தூசி. அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கும் வியாபாரி போல, நான்கடி இரும்புக் கம்பியால் கரையைக் குத்திக்கொண்டே நடப்பாள். மண் இளகியிருக்கிறதா, உள்ளே எலி வளை ஓடுகிறதா என்பதைக் கம்பி சொல்லிவிடும் என்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வளைவிலிருக்கும் இருபதடிக் கரை ஒரு காலத்தில் உடைந்த இடம் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அது. பதினெட்டு வருஷமாகக் காலையும் மாலையும் அந்த இடத்தின் வெளிச்சரிவில் நாலு குத்து கூடுதலாகக் குத்தாமல் அவள் தாண்டியதில்லை.

சந்தேகம் கரையோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். பால்காரர் எதிரிலேயே பாலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். தையல்காரி மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்தாலும், மிச்சத்தில் மிச்சம் எங்கே என்று கேட்பாள். இதெல்லாம் சில்லறை. மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவள் புருஷன்தான். அவருக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. ஐந்தரைக்குக் கடையைச் சாத்தினால் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. மனுஷன் வந்து சேருவதென்னவோ ஆறேகாலுக்கு.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?"

"சாத்தற நேரத்துக்கு ஒரு பஞ்சர் வந்துச்சு."

"தினமும் அதே நேரத்துக்குத்தான் ஊர்ல ஆணி குத்துமா?"

கேட்டுக்கொண்டே அவர் கையை வாங்கி மோந்து பார்ப்பாள். பஞ்சர் ஒட்டும் பசை வாசனை வரும்தான். அந்தக் கையில் எந்த நாளும் அந்த வாசனைதான், அதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்பதில் குத்தூசிக்கு முக்கால்வாசி நிச்சயம். மீதிக் கால்வாசிக்குத்தான் தினமும் விசாரணை.

இப்படிப்பட்டவள் கண்ணில்தான் அந்தப் பெரியவர் வந்து விழுந்தார்.

மழைக்காலம் முடிந்து கால்வாய் விளிம்பு தட்டி ஓடிய வாரம். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமில்லாத பூமி. அதில் வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், வாய்க்காலுக்கு ஒரு கரை, கரைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு ஆள், காலை எட்டு மணிக்கு, ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாக வருகிறார். நடப்பார், நிற்பார், சின்ன நோட்டில் எழுதுவார். அதைக்கூட விட்டுவிடலாம். தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார்.

"பதினாலு, பச்சைக் கதவு. பதினஞ்சு, மாடி வீடு, நாய் உண்டு. பதினாறு, வீட்டுல பகல்ல ஆள் கிடையாது..."

குத்தூசி கம்பியை ஊன்றிப் பாதையை மறித்து நின்றாள். ஆளில்லாத வீட்டுக் கணக்கை ஒருவன் பட்டப்பகலில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகிறானே!

"யாரு நீங்க? இங்க என்ன வேலை?"

"சும்மா நடக்கறேன்மா."

சும்மா! அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஐந்து நாளில் நான்கு நாள் வளைவில் வந்து நின்று, தடியை ஊன்றி, எழுதினார்.

ஆறாம் நாள் காலை வளைவின் வெளிச்சரிவில் கசிவு கண்டாள். கரையில் கசிவு புதிதல்ல. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். இது கலங்கல். குனிந்து புல்லை விலக்கினாள். கட்டை விரல் நுழைகிற அளவில் வரிசையாகத் துளைகள்! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரை போனால் கீழே நாற்பது வீடு தண்ணீரில் நிற்கும். அவள் காவலில் போனால் அவளுக்கு அன்றைக்கே கல்தா. பதினெட்டு வருஷத்து வேலை, வீட்டுக்கு ஒழுங்காக வருகிற ஒரே வருமானம்.

அந்த நேரம் பார்த்து, "முப்பத்திரண்டு, ரெண்டு வாசல்" என்றபடி பெரியவர் வந்தார். குத்தூசி செல்போனை எடுத்துக் கால்வாய் இன்ஜினியரைக் கூப்பிட்டாள்.

"சார், வளைவுல ஒரு ஆள் கரையைக் குத்தித் துளை போட்டுட்டான். கையும் களவுமாப் பிடிச்சு வெச்சிருக்கேன். ஆளுங்களோட வாங்க."

பெரியவர் ஓடவில்லை. ஓடக்கூடிய உடம்பும் இல்லை. கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நான் தபால்காரன்மா. ரிட்டயர் ஆயிட்டேன். நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு. சமதரையில நட, பேசிக்கிட்டே நடக்க முடியற வேகத்துல நடன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கூட யாரும் இல்லியே, யார்கிட்ட பேசறது? பக்கத்து ஊர்ல நான் தபால் குடுத்த வீடுங்களைச் சொல்லிக்கிட்டு வர்றேன். என்னை மாதிரி ஆளுங்களுக்கு மூச்சு வாங்காம நடக்கற பாதைன்னு ஒரு சின்னப் புஸ்தகம் போடறேன். இது நாலாவது பாதை."

"கதை நல்லாயிருக்கு. தடியைக் குடுங்க."

கொடுத்தார். குத்தூசி அதைத் துளையில் நுழைத்தாள். நுழையவில்லை. தடியின் நுனியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு ரப்பர் உறை. திருகிக் கழற்றிவிட்டு முயன்றாள். அப்போதும் தடி பருமன். துளை வாயிலேயே நின்றது.

எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. தன் கம்பியைத் துளையில் வைத்தாள். அழுத்தவே வேண்டாம். பழகிய உறைக்குள் போவது போல வழுக்கிக்கொண்டு பிடி வரைக்கும் இறங்கிற்று. பக்கத்துத் துளையிலும் இறங்கிற்று. அதற்கடுத்த துளையிலும். தினமும் எட்டுக் குத்து, பதினெட்டு வருஷம். உடையுமோ என்று பயந்து பயந்து குத்திய கரையை அவள்தான் சல்லடை ஆக்கியிருந்தாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தபால்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். ரப்பர் உறையை எடுத்து மறுபடி தடியில் மாட்டிக்கொண்டார்.

இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னாலேயே களிமண் வண்டியும் இரண்டு ஆட்களும்.

"இவருதானா?" என்றார், பெரியவர் தோளில் கை வைத்து.

ஆமாம் என்றால் போதும். வழிப்போக்கன் சொல்லை விடக் காவல்காரி சொல் எடுபடும். வேலையும் தப்பும். அந்த ஒரு நொடி, உள்ளதைச் சொல்வதா, ஆமாம் என்று தலையாட்டிவிடுவதா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரியவர் அவளைப் பார்க்கவேயில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றாள் குத்தூசி. "நான்தான்." கம்பியைத் துளைக்குள் விட்டுக் காட்டினாள்.

இன்ஜினியர் திட்டுவார் என்று நின்றாள். அவர் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கரை நல்ல கரைம்மா. பழைய உடைப்பை அப்பவே கெட்டியா அடைச்சிட்டாங்க. ஆபீஸ்ல இருக்கற பழைய நோட்டைப் புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "வேலையில இருங்க. கம்பியை மட்டும் குடுத்துடுங்க. சந்தேகம்னா கண்ணால பாருங்க, எனக்குச் சொல்லுங்க."

களிமண் திணித்து இறுக்கினார்கள். மூன்றாம் நாள் கசிவு நின்றது. வெறுங்கையோடு நடப்பது குத்தூசிக்குச் செருப்பில்லாமல் நடப்பது போலிருந்தது.

அடுத்த வாரம் தபால்காரர் நோட்டை அவளிடம் நீட்டினார். "காலையிலயும் சாயங்காலமும் நடந்து பார்த்து எழுதினது. தப்பு இருந்தா சொல்லும்மா. உனக்குத் தெரியாத கரையா?"

படித்துக்கொண்டே வந்தாள். வளைவு வரை சமதரை, கரை கெட்டி. உட்கார இடம் ஒன்று, படித்துறை. உட்கார இடம் இரண்டு, கிளை வாய்க்கால் மதகுச் சுவர். அதன் கீழே பொடி எழுத்தில்: 'மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு சைக்கிள் ரிப்பேர்காரர் தனியாக உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர், நகர்ந்து இடம் கொடுப்பார். வீட்டுக்குப் போனால் கேள்வி வரும், அதற்குத் தெம்பு சேர்த்துக்கொண்டு போகிறேன் என்றார்.'

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷமும் அவர் லேட்டாக வந்ததால் கேட்டாள். அவள் கேட்டதால் அவர் லேட்டாக வந்திருக்கிறார்.

அன்று மாலை கிளை வாய்க்கால் பக்கம் போனாள். மதகுச் சுவரில் புருஷன் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. இவளைக் கண்டதும் துள்ளி எழுந்தார். "இப்பதான்... ஒரு பஞ்சர்... சாத்தற நேரத்துக்கு..."

குத்தூசிக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் சுவரில் உட்கார்ந்தாள்.

அவர் நின்றபடியே காத்திருந்தார். கேள்வி வரவில்லை. அவள் கையைப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கம்பி எங்க?" என்றார் சந்தேகமாக.

"ஆபீஸ்ல வாங்கி வெச்சிட்டாங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.