பாட்டிலில் வந்த நல்ல தண்ணீர்

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீரைச் சோதிப்பது என் வேலை என்று சொன்னால், உழவர்கரையில் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. "பாண்டிச்சேரியில ஏதும்மா நெலக்கரி?" என்பார் எதிர்வீட்டு அக்கா. இங்கே இல்லைதான். எங்கள் சோதனைக்கூடம் சேதராப்பட்டில். சுரங்கம் கடலூருக்கும் அப்பால். மாதாமாதம் விடிந்ததும் வேனில் கிளம்புவோம். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் டிரைவர் அண்ணனோடு சேர்ந்து நானும் நாலு பேரைத் திட்டினால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

சுரங்கத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் பொங்கி வந்துவிடாமல் இருக்க, இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, தண்ணீரின் குணம் மாறுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அளவு நாடாவை ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்குள் இறக்குவேன். முனை தண்ணீரைத் தொட்டதும் மேலே 'பீப்' சத்தம் கேட்கும். அதுவரை சுற்றி நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் கெட்டதற்குக் காரணம் சுரங்கமா, மண்ணின் குணமா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். எரிச்சலாக வரும். அந்த எரிச்சலோடு உட்கார்ந்தால் யாராவது தட்டில் சோறு போட்டுவிடுவார்கள். நான் சாப்பிட்ட எத்தனையோ மதியச் சாப்பாடு அந்த ஊர்க்காரர்கள் போட்டது. அந்த நன்றியை எங்கே எழுதுவது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஊரில் கடைசித் தெரு. அங்கே ஓர் அக்கா வீட்டு போர்வெல்தான் தெரு முழுவதற்கும் எங்கள் சோதனை இடம். அதன் தண்ணீரில் உப்பும் இரும்பும் எப்போதும் அளவுக்கு மேல். அதனால் குடிப்பதற்குத் தண்ணீர் லாரி வரும். தண்ணீர் நல்லது என்று எங்கள் அறிக்கை சொல்லிவிட்டால் லாரி நின்றுவிடும். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்கள்.

சென்ற கோடையில் நாங்கள் போனபோது கரண்ட் இல்லை. "நீங்க அடுத்த ஊரு பாத்துட்டு வாங்க. கரண்ட் வந்ததும் நான் புடிச்சு வெக்கிறேன்" என்றார் அக்கா. பழகிய மனிதர், பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பும்போது மூடி இறுக்கி, வெளியே துடைத்து, தயாராக வைத்திருந்தார்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் அந்த பாட்டில் தண்ணீரைச் சோதித்தேன். உப்பு பெயருக்குக்கூட இல்லை. இரும்பு சுத்தமாக இல்லை. பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் இவ்வளவு சாதுவாக இருக்காது. கருவி தவறோ என்று மறுபடி பார்த்தேன், அதே முடிவு. இது கடையில் வாங்கும் கேன் தண்ணீர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த அறிக்கை போனால் அந்தத் தெருவின் கதி என்ன? டிரைவர் அண்ணனை இழுத்துக்கொண்டு அன்றே கிளம்பினேன்.

அக்கா என்னைக் கண்டதுமே புரிந்துகொண்டார்.

"இது போர் தண்ணி இல்லல்லக்கா?"

"கேன் தண்ணிதாம்மா" என்றார். மறைக்கவே இல்லை. "பையனுக்குப் பொண்ணு பாத்துருக்கோம். போன வருஷம் ஒரு எடம் வந்துச்சு. பலகையில ஒட்டுனதப் பாத்துட்டு, தண்ணி கெட்ட ஊர்ல பொண்ணக் குடுக்க மாட்டோம்னு எழுந்து போய்ட்டாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்றாங்க. நான் ஒரு பாட்டிலுதாம்மா ஊத்துனேன்."

திட்ட வந்தவள் சிரித்துவிட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்: "இது போனா லாரி நின்னுடும்க்கா. தெருவே இந்த போர் தண்ணியக் குடிக்கணும்."

அக்கா தெருவைப் பார்த்தார். லாரிக்காக வாசல் வாசலாகக் குடங்கள் வரிசையில் நின்றன. பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். முதலில் வந்த செம்மண் நிறத் தண்ணீர் வடியும்வரை இருவரும் நின்றோம். "புடிச்சுக்கம்மா" என்றபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் சோதித்தேன். குடிக்கத் தகாதது என்று முடிவு பலகையில் ஏறியது. லாரி தொடர்ந்து வந்தது. என் வேலையும் என் பெயரும் தப்பின. ஆனால் அந்தப் பையனின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று பல நாள் சோறு இறங்கவில்லை.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தார். பயத்தோடுதான் எடுத்தேன்.

"பொண்ணு வூட்டுக்காரங்க கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேம்மா. எங்க தண்ணி கெட்டது, லாரித் தண்ணிதான் குடிக்கிறோம், உங்க பொண்ணு வந்தாலும் குடத்தத் தூக்கிட்டு நிக்கணும்னு உள்ளத சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பொண்ணோட அம்மா என் கையப் புடிச்சுக்கிச்சு. அவங்க ஊர்லயும் லாரிதானாம்மா. நாங்க போய்ப் பொண்ணு பாத்த அன்னிக்கு எங்களுக்குக் குடுத்தது கேன் தண்ணியாம்."