பேரிகைக்கு அனுப்பிய சிபாரிசு

வரும் கடிதம் எதுவானாலும் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முழுப் பதில் தர முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். அலுவலக நடைமுறையின் அரிச்சுவடி இது. வருவாய்த் துறையில் நான் கண்காணிப்பாளராக இருந்தவரை, இதைத் தவறவிட்டவர்கள் என் மேசைப் பக்கம் வராமல் சுற்றிப் போவார்கள். ஓய்வுபெற்ற இருவருக்கிடையே போகும் வாட்ஸப் செய்திக்கு இந்த விதி பொருந்துமா என்றால், பொருந்த வேண்டும் என்பதே என் கருத்து. செய்தியின் ஓரத்தில் நீல நிறத்தில் விழும் இரண்டு டிக்கை எந்த விதியும் ஒப்புகையாக ஏற்கவில்லை.

நான் அனுப்பியது ஒரு யூடியூப் இணைப்பு. அனுப்பப்பட்டவர் பேரிகையில் இருக்கும் என் நண்பர், நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவர். பல வருடங்கள் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். அந்தப் பயணத்தில் எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. நான் ஒரு கதையைத் தொடங்குவேன். "ராயக்கோட்டை மலைமேல நிக்கறே. கோட்டைக் கதவு சாத்தியிருக்கு. உள்ள பூதம். என்ன பண்றே?" என்ன செய்வதென்று அவர் சொல்வார். அது நடந்ததா இல்லையா என்பதை அவருடைய டிக்கெட்டின் கடைசி எண் முடிவு செய்யும். ஐந்தும் அதற்கு மேலும் வெற்றி, கீழே இருந்தால் தோல்வி. காலை டிக்கெட் மட்டுமே கணக்கு என்பதால் நாளுக்கு ஒரு முயற்சிதான். தோற்றால் மறுநாள் காலை வரை கதவு சாத்தியே கிடக்கும்.

அவர் நேராகக் கதவை உடைக்கிற ஆள் அல்ல.

"பூதம் இருக்கிற குகை பட்டாவா, புறம்போக்கா?"

"அனாதீனம்யா. உரிமை கோர ஆளே இல்ல."

"அப்ப காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடு."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் பஸ்ஸில் ஏறிய ஒருவர், பூதம் என்ன ஆயிற்று என்று அறிந்துகொள்ள மறுநாளும் வேண்டுமென்றே அதில் ஏறினார். நாங்கள் அரசுக்குச் செய்த வேலைகளில் இந்த அளவுக்கு வரவேற்புப் பெற்றது வேறு எதுவும் நினைவில் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு நண்பர் மகன் வீட்டோடு இருக்கப் பேரிகைக்குப் போய்விட்டார். போன வருடம் அவருக்கு இருதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், பஸ்ஸில் போகலாம், பயமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டார். "நடு ரோட்டுல விழுந்தா யாருய்யா தூக்குவா?" என்று ஒருமுறை போனில் கேட்டார். அதன் பிறகு எங்கள் பேச்சு அவருடைய வழக்கமான கன்னடத்தில் "ஊட்டா ஆய்தா?" என்று தொடங்கி, நான் "ஆச்சு" என்றதும் முடிந்தது. சாப்பாட்டைத் தவிர எங்களுக்கிடையே நடப்பில் கோப்பு எதுவும் இல்லை.

அந்த நிலையில்தான் அந்த யூடியூப் நிகழ்ச்சி என் கண்ணில் பட்டது. சிவராத்திரிக்குக் கண்விழித்துத் தாயம் ஆடியபோது, தாயம் விழாமல் காய் இறக்கலாமா கூடாதா என்று எனக்கும் என் மனைவிக்கும் தகராறு. விதியைத் தேடி யூடியூபைத் திறந்தால், அது தாயத்தை விட்டுவிட்டு இருபது முகம் கொண்ட ஒரு பகடையைக் காட்டியது. ஒரு மேசை. சுற்றிலும் ஐந்து நண்பர்கள். எதிரே கதை நடத்துகிறவர் ஒருவர். காடு, கோட்டை, அரக்கன் என்று அவர் சொல்லச் சொல்ல, அவரவர் தம் பாத்திரமாக மாறி என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. பேசுவது ஆங்கிலம். ஒரு பாகம் நான்கு மணி நேரம்.

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு செய்ததை இவர்கள் கேமரா வைத்துச் செய்கிறார்கள்! ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கிறார்கள். ஒருவர் தோற்றால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை. விதிப் புத்தகம் தலையணை கனம். இருந்தும், எவ்வளவு அபத்தமான யோசனை வந்தாலும் கதை நடத்துகிறவர் "முயற்சி செய்து பாருங்கள்" என்கிறார். என் பணிக்காலம் முழுவதும் எந்த மனுதாரருக்கும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நான் உட்பட.

எனவே பேரிகைக்கு இணைப்பை அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பு: முதல் பாகத்திலிருந்து பார்க்க வேண்டும், நடுவில் தாவக் கூடாது, ஆங்கிலம் வேகமாக இருந்தால் கீழே எழுத்து வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும், பாலம் வரும் பாகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. பதில் இல்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். அதற்கு மேல் நடைமுறைப்படி நேர்முகக் கடிதம்தான். நான் நேராகவே போனேன்.

வாசலில் மருமகள் சொன்னார்: "வாங்க அங்கிள். மாமா இந்தக் கேட்டைத் தாண்டறதே இல்ல. முடி வெட்டறவரைக்கூட வீட்டுக்குத்தான் கூப்புட்றோம். நீங்களாச்சும் சொல்லுங்க."

உள்ளே நண்பர் டிவிக்கு முன்னால் இருந்தார். "வாய்யா ரூல்ஸு. நினைவூட்டு ரெண்டு வந்துச்சு. அடுத்து என்ன, சார்ஜ் மெமோவா?"

"பாத்தியா இல்லையா?"

"அஞ்சு நிமிஷம் பாத்தேன். அஞ்சு பேரு ஒக்காந்து பேசறாங்க. தாலுகா கணக்கெல்லாம் பாக்கற ஜமாபந்தியே இதவிட சீக்கிரம் முடியும்யா."

விடவில்லை. பாலம் வரும் பாகத்தை அவர் டிவியிலேயே போட்டேன். கதையில் அரக்கன் துரத்த, ஐவரில் ஒருவனான கிழட்டுக் குள்ளன் கயிற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பகடை அவனுக்கு ஒத்துழைப்பதில்லை. முதல் முறை கால் வழுக்குகிறது. இரண்டாம் முறை பாதிப் பாலத்தில் தொங்குகிறான்.

"ஒரு பாலம் தாண்ட ஒரு மணி நேரமா? அதுக்குள்ள நாம சூளகிரியே தாண்டிடுவோம்" என்றார் நண்பர். மூன்றாம் முறை குள்ளன் விழுந்தே விட்டான். பகடையில் அவ்வளவு சின்ன எண் வந்ததில் மேசையில் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும், அக்கரை சேர்ந்துவிட்ட நால்வரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நண்பர் நாற்காலியை டிவிப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அரக்கன் பின்னாடியே வர்றான். இவனுங்க ஏன் திரும்பி வரணும்?"

"கூட வந்தவன்யா."

"ம்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆர்வக் கோளாறில், பழைய பஸ் குரலில் தொடங்கிவிட்டேன். "சரி. நீ இப்ப உன் வீட்டுக் கேட்டு முன்னாடி நிக்கறே. என்ன பண்றே?"

அவர் முகம் சுருங்கியது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "என்னை வெச்சே கதை விடறியா? போயிட்டு வாய்யா. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரு."

ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் டிக்கெட்டின் எண்ணை நான் பார்க்கவில்லை. பயந்தவரிடம் பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு எந்தக் கையேட்டிலும் நடைமுறை இல்லை. இருந்திருந்தால் நான் அதை மனப்பாடம் செய்திருப்பேன். மூன்றாம் நினைவூட்டு அனுப்பவில்லை. 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி மூடிவிட வேண்டிய கோப்பு. மூடவும் மனம் வரவில்லை. அடுத்த பாகங்களை நான் மட்டும் பார்த்தேன். சிரிப்பு வந்த இடங்களில் யாரிடம் திரும்புவது என்று தெரியாமல் என் மனைவியிடம் திரும்பினேன். அவர் தாயத் தகராறையே இன்னும் மன்னித்திருக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் காலை, குளித்துவிட்டு வந்து பார்த்தால் போனில் ஒரு படம் வந்திருந்தது. மெஷினில் அடித்த பஸ் டிக்கெட். பிடித்திருந்த கட்டைவிரல் பாதி எழுத்துகளை மறைத்திருந்தது. அதன் கீழே செய்தி:

"கடைசி நம்பர் மூணு. நம்ம ரூல்படி தோல்வி. ஆனா பஸ்ஸு பாகலூர் தாண்டிடுச்சி. பண்டிகைக் கூட்டம், ஒக்கார எடமில்ல, நின்னுகிட்டே வர்றேன். விழறதுக்கும் எடமில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு வாய்யா. அந்தக் குள்ளன் அக்கரை போனானா இல்லையான்னு ஒக்காந்து பாக்கணும்."

விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் பணியில் இருந்தவரை எனக்கு அளிக்கப்பட்டதில்லை. அன்று நானே எடுத்துக்கொண்டு, மூன்றும் வெற்றிதான் என்று பதில் அடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

பதில் வரப்பெற்ற நாள்: ஆடி பதினெட்டு.