பதினோரு குறைகள்

கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் நான் தரப் பரிசோதகர். முறை வைத்துச் சண்டையிடும் ஒரு மாயாஜாலக் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது, விமர்சனப் பக்கத்தில் பதினோரு குறைகளை எண்ணிட்டு எழுதி, ஆலைப் பழக்கத்தில் அடியில் 'ரிஜெக்ட்' என்று முடித்தேன்.

சில மாதங்களில், மீஞ்சூரிலிருந்து வந்து சேர்ந்த புது ஆபரேட்டர், குறைகளை எண்ணிட்டு அடியில் 'ரிஜெக்ட்' என்று முடித்திருந்த என் பரிசோதனைத் தாளையே பார்த்தபடி நின்றார்.

"மேடம், கேமுக்கு இப்டி லிஸ்ட் போட்டது நீங்கதானா? ரெண்டு பாகமும் நான் தனியா பண்ணது."

தலையசைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதிக்கீறீங்க. அதோட கேம் பண்றதையே உட்டுட்டேன்." தாளில், சரிசெய்து எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கான கட்டத்தின் மேல் விரல் வைத்தார். "இங்க ரீவொர்க்னு ஒரு கட்டம் கீதே, அத்த டிக் பண்ணியிருக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முதல் பாகத்தை மூன்று முறை ஆடி முடித்தவள் நான். அதை மட்டும் நான் எங்கேயும் எழுதவில்லை.